நூலக வரி எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதுப் புத்தகமே வருவதில்லை. கேட்டால், 'நிதி இல்லை' என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நிதி கொடுப்பவரே நீங்கள்தான்! 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு, அதில் 10 சதவீதத்தை நூலக வரியாகவும் கட்டுகிறீர்கள். வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. பணம் இடையில் தங்கிவிடுகிறது. மாநகராட்சிகளே கோடிக்கணக்கில் பாக்கி வைத்த செய்திகள் வந்ததுண்டு. பணம் வராதபோது முதல் வெட்டு பருவ இதழ்களுக்கு, அடுத்தது ஆளுக்கு. ஓய்வுபெற்றவர் நாற்காலி காலியாகவே கிடக்கும், ஒருவரே இரண்டு நூலகம் பார்ப்பார், ஏதாவது ஒன்றில் பூட்டுத் தொங்கும். உங்கள் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிய, உள்ளாட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்: நூலக வரியாக வசூலித்தது எவ்வளவு, ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது எவ்வளவு?