சலவை மடங்களின் கணக்கு

ஏழாம் கற்பனை என்றதும் நமக்குத் திருடன்தான் நினைவுக்கு வருகிறான். வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடாதிருப்பதும் அதே கற்பனைக்கு விரோதம். வானத்தை நோக்கி முறையிடும் நான்கு பாவங்களில் அதுவும் ஒன்று. ஞானோபதேசம் படித்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பாவத்தைத் தனி மனிதனல்ல, ஒரு மடம் செய்தால்? அரசாங்கமும் அதற்குத் துணை நின்றால்? அப்போது பாவத்தை ஒப்புக்கொள்வது யார்? ஈடு செய்வது யார்? கத்தோலிக்க நாடென்று பேர்பெற்ற அயர்லாந்தில் நடந்ததைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

அங்கே அர்ச். மரிய மதலேனம்மாள் பெயரால் சலவைச்சாலைகள் இருந்தன. முதலாவது, 18ஆம் நூற்றாண்டில் புரோட்டஸ்டாண்டு சீமாட்டி ஒருவர் டப்ளினில் தொடங்கிய இல்லம். பிற்காலத்தில் கத்தோலிக்கக் கன்னியர் மடங்களே பெரும்பாலானவற்றை நடத்தின. அயர்லாந்து சுதந்திர நாடான 1922 முதல், கடைசிச் சாலை மூடப்பட்ட 1996 வரை, நான்கு சபைகளின் கீழிருந்த பத்துச் சாலைகளில் ஏறக்குறைய 10,000 பெண்கள் அடைபட்டிருந்தார்கள். அறியப்பட்டவர்களுள் மிக இளையவளுக்கு வயது 9. மிக மூத்தவளுக்கு 89.

இவர்கள் யார்? கலியாணமாகாமல் தாயானவர்கள் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. தாய் தகப்பனற்ற பிள்ளைகள், அநாதைப் பள்ளிகளிலிருந்து நேரே அனுப்பப்பட்டவர்கள், புத்தி மந்தமானவர்கள், சிறு குற்றத்துக்காக நீதிமன்றம் அனுப்பியவர்கள், கெட்டுப்போவாளோ என்ற பயத்தினால் மாத்திரமே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஓட்டல், மருத்துவமனை, இராணுவம் ஆகியவற்றின் துணிகளை நாள் முழுதும் துவைத்துத் தேய்த்தார்கள். கூலி கிடையாது, கதவு பூட்டியிருக்கும். உள்ளே வந்த அன்றே தலைமயிரை வெட்டி, பெற்றோர் இட்ட பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள் என்று பலர் பின்னாளில் சாட்சி கூறினர். எப்போது வெளியே போகலாம் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லையாம். சில மாதங்களில் வெளியேறியவர்கள் உண்டு. சாகும்வரை அங்கேயே கிடந்தவர்களும் உண்டு.

குற்றமெல்லாம் கன்னியர்மேல் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தப் பெண்களில் பலரைக் கொண்டுவந்து விட்டது அவர்களுடைய சொந்தக் குடும்பந்தான். சிலரை அனுப்பியவர்கள் பங்குக் குருமார். ஊரார் தங்கள் அழுக்குத் துணிகளை அங்கே கொடுத்து, வெளுத்ததை வாங்கிச் சென்றார்கள். துணியை வெளுத்தது யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

1993ஆம் ஆண்டு டப்ளினில் ஒரு மடம் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்றது. அந்நிலத்தில் இப்பெண்களின் கல்லறைகள் இருந்தன. 133 பேரின் எலும்புகளைத் தோண்டியெடுக்க அனுமதி பெறப்பட்டது. தோண்டியபோது மேலும் 22 பேர் அகப்பட்டார்கள்! பலருடைய சாவுக்குப் பதிவுச் சான்று கிடைக்கவில்லை. சிலருடைய சொந்தப் பெயரே தெரியவில்லை. ஏறக்குறைய எல்லாரையும் தகனம் செய்து வேறு கல்லறைத் தோட்டத்தில் அடக்கிவிட்டார்கள். தேசம் திடுக்கிட்டது அப்போதுதான்.

சுவிசேஷத்தில் வரும் கைம்பெண், அநீதியுள்ள நடுவனின் வாசலை விடாமல் தட்டினாள் அன்றோ? இந்தப் பெண்களும் அப்படியே செய்தார்கள். முதுமையடைந்தவர்கள், கல்வி மறுக்கப்பட்டவர்கள், பட்டதைக் கணவனிடமும் பிள்ளைகளிடமும் சொல்லக் கூசியவர்கள், ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். தத்துக்கொடுக்கப்பட்டு வளர்ந்த பெண்கள் சிலர் 2003ல் ஒரு சங்கம் அமைத்து அவர்களுக்குத் துணை நின்றார்கள். அந்தச் சாலைகள் தனியாருடையவை, அரசாங்கத்துக்குப் பொறுப்பில்லை என்று 2009ல் கல்வி அமைச்சர் எழுதினார். அவர்கள் ஓயவில்லை, ஐக்கிய நாடுகளின் சித்திரவதை எதிர்ப்புக் குழுவிடம் போனார்கள். விசாரணை வேண்டுமென்று அக்குழு 2011ல் கூறியது.

2013 பிப்ரவரி 5ந் தேதி அறிக்கை வெளிவந்தது. உள்ளே வந்த வழி தெரிந்த பெண்களில் நான்கில் ஒரு பங்குக்குமேல், அதாவது நூற்றுக்கு 26.5, அரசாங்கத்தின் மூலம் வந்தவர்கள் என்று அது காட்டிற்று. தங்கள் சாட்சியத்துக்கு அறிக்கை போதிய மதிப்பளிக்கவில்லை என்று பெண்கள் குறைகூறினர். அது நியாயமான குறைதான். அன்றைய தினம் பிரதம மந்திரி எண்டா கென்னி வருத்தம் தெரிவித்ததோடு நின்றார். அது போதாது என்றார்கள். பதினான்கு நாட்களுக்குப்பின் அவர் பாராளுமன்றத்தில் அரசின் சார்பாக முழு மன்னிப்புக் கேட்டார். பேசுகையில் அவர் தொண்டை அடைத்தது. மேல்மாடத்தில் அமர்ந்திருந்த அப்பெண்களைப் பார்த்து அங்கத்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மனஸ்தாபம் மெய்யானால் ஈடும் செய்யவேண்டும் என்பது நமது வேதபோதகம். அரசாங்கம் தலைக்கு 11,500 முதல் 1,00,000 ஈரோ வரை கொடுக்கத் திட்டமிட்டது. நான்கு சபைகளோ அந்த நிதிக்குப் பணம் தர மறுத்துவிட்டன. பதிவேடுகளைத் திறந்து காட்டினார்கள், தங்களிடம் எஞ்சியிருந்த மூதாட்டிகளைப் பராமரித்தார்கள் என்பதும் உண்மை. ஆயினும் கூலிக்கடன் கூலிக்கடனே. பராமரிப்பு அதற்குக் கழிவு ஆகாது. அரசாங்கத் திட்டத்திலும் ஓட்டை இருந்தது. சாலைகளை ஒட்டிய விடுதிகளில் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்த சிலரை அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். குறைகேள் அதிகாரி 2017ல் அதைக் கண்டித்த பிறகே திட்டம் விரிவாக்கப்பட்டது.

இதையெல்லாம் பங்குப் பத்திரிகையில் எழுதுவது துர்மாதிரிகை ஆகாதா என்று சிலர் கேட்கலாம். துர்மாதிரிகை செய்கையில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதில் இல்லை. தாவீது அரசனிடம் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்ன நாத்தான் தீர்க்கதரிசி அரசனுக்குப் பகைவனா? காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2018 ஆகஸ்டு 26ந் தேதி டப்ளினில் திரளான ஜனங்கள் முன்னிலையில் பூசை செய்கையில், கைவேலைக்காகச் சுரண்டப்பட்டவர்களுக்கு இழைத்த தீங்குக்கும் மன்னிப்புக் கேட்டார்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அயர்லாந்திலும் கடல் கடந்தும் வாழ்ந்த 200க்கு மேற்பட்ட அப்பெண்கள் டப்ளினுக்கு அழைக்கப்பட்டார்கள். ஜனாதிபதி தமது மாளிகையில் அவர்களை வரவேற்றார். நகரில் விருந்துக்குச் சென்றபோது தெருவில் கூடிய ஜனங்கள் கைதட்டி ஆரவாரித்தார்கள். ஒருவரோடொருவர் பேசக்கூட அனுமதிக்கப்படாதிருந்தோம் என்று கூறிய பெண்கள், அங்கே ஒரே மேஜையில் அமர்ந்து பேசினார்கள்.

கடைசியாக மூடப்பட்ட சாலையின் கட்டடத்தை ஓட்டல் கம்பெனிக்கு விற்க டப்ளின் நகரசபை எண்ணியிருந்தது. 2018 செப்டம்பரில் அங்கத்தினர்கள் வாக்களித்து அதைத் தடுத்தார்கள். அவ்விடத்தில் நினைவு நிலையமும் ஆவணக் காப்பகமும் அமைக்க 2022ல் அரசாங்கம் இசைந்தது.