கரண்டி பிடிக்க வந்தவர்களுக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உப்பளத் தெருப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் ஊழியத்துக்கு நீங்கள் பேர் கொடுத்திருப்பதாகக் குருவானவர் சொன்னார். சந்தோஷம். இந்த வேலைக்கு ஆசையோடு வருகிறவர்கள் பலர் சீக்கிரமே நின்றுவிடுகிறார்கள். மனசு இல்லாமல் போவதில்லை. வேலையைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பதில்லை. தூத்துக்குடிப் பக்கம் நெடுங்காலம் அடுப்படியில் நின்ற உரிமையில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பிள்ளை நம்மை நம்பித் தட்டோடு வர வேண்டும்.

1. பட்டினி எந்த நாளில் என்று பாருங்கள்.

பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் அரசாங்கமே சோறு போடுகிறது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளியில் காலை உணவும் வந்திருக்கிறது. ஆகவே புதன்கிழமை மதியம் நாம் அண்டா ஏற்ற வேண்டியதில்லை. சனி, ஞாயிறு, முழு ஆண்டு விடுமுறை, இவைதான் நம்முடைய நாட்கள். உப்பளத்துக்குப் போகும் அப்பா அம்மா வெயிலுக்கு முந்தி, விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். வீட்டில் எடுத்துப் போட ஆள் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிப் பாத்தி முங்கிவிட்டால் கூலியும் கிடையாது. கிறிஸ்துமஸ் பிரியாணிக்குக் கை கொடுக்க எல்லாரும் வருவார்கள். நவம்பர் மழையில் குடை பிடித்து வருகிறவர்தான் நமக்கு வேண்டும்.

2. முடிந்த அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

வாரம் மூன்று நாள் என்று ஆரம்பித்து ஒன்றாகக் குறைப்பதைவிட, சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்து நிலைத்து நில்லுங்கள். பகல் 12.30 என்றால் 12.30. கன்வென்ஷன், அசனப் பண்டிகை, சபைத் தேர்தல் எதுவானாலும் அடுப்பு எரிய வேண்டும். நம்மை நம்பி அன்றைக்கு உலை வைக்காத தாய் ஒருத்தி இருப்பாள்.

3. அளவு தெரிந்து ஏற்றுங்கள்.

மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை 150, 30, 75, 7.5. சின்னப் பிள்ளைகள் 50 பேர் என்றால் அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, காய் இரண்டரைக் கிலோ, எண்ணெய் கால் கிலோ. இதற்குக் கீழே போகாதீர்கள். காசு கூட வந்தால் அரிசியைக் கூட்டாமல் பருப்பையும் முட்டையையும் கூட்டுங்கள். முருங்கைக்கீரை போடும் நாளில் எலுமிச்சம்பழமும் வாங்குங்கள். புளிப்புச் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் அந்தப் பலன் கெடும். காரத்தை நம் வீட்டுக் காரத்தில் பாதியாக்குங்கள்.

கைப்பிடி அரிசிக் காணிக்கையை வைத்துச் சோறு வடிக்கப் பார்க்காதீர்கள். பத்து வீட்டு அரிசி பத்து ரகம். பொன்னி குழைந்து கிடக்கும்போது ரேஷன் அரிசி நறுக்கென்று நிற்கும். அந்தக் கலப்பு அரிசியை ஊறவைத்து ஆட்டித் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கஞ்சி காய்ச்சுங்கள்.

4. சூடாகப் போடுங்கள்.

வடித்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்தால் அதில் கிருமி பெருகும். அது உண்டாக்கும் விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் 12.30-க்குப் பந்தி என்றால் 12 மணியை ஒட்டிச் சோறு இறங்கட்டும். கல்யாண மண்டபத்திலிருந்து, மிஞ்சியது இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று போன் வந்தால் முதல் கேள்வி, எத்தனை மணிக்குச் சமைத்தது? ராத்திரி ரிசப்ஷன் பிரியாணியை மறுநாள் மதியம் பிள்ளைக்குப் போடக் கூடாது. புளி சேர்ந்த சாம்பாரை அலுமினியத்தில் வைக்காமல் எவர்சில்வரில் ஊற்றுங்கள். வயிற்றுப்போக்கோ கையில் புண்ணோ உள்ளவர் அன்றைக்குக் கணக்கெழுதட்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபமில்லாமல் உணவு கொடுப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறது. அதன்படி என்ன பதிவு வேண்டும் என்று கேட்டு முடித்துவிடுங்கள்.

5. கடைசித் தட்டைப் பாருங்கள்.

ஆதிச் சபையில் முறுமுறுப்பு கிளம்பியதே சாப்பாட்டு விஷயத்தில்தான். அன்றாட விசாரிப்பில் கிரேக்கு பேசும் விதவைகள் விடுபட்டார்கள். அதைச் சரிசெய்ய ஏழு பேரை ஏற்படுத்தினார்கள், அதில் ஸ்தேவானும் ஒருவர். நம் பந்தியிலும் யாராவது விடுபடுவார்கள். முதல் வரிசைக்குக் கெட்டிச் சாம்பாரும் கடைசி வரிசைக்குத் தண்ணீரும் போகும். அண்டாவை அடியிலிருந்து கலக்கி ஊற்றுங்கள். இந்த வாரம் கிழக்கிலிருந்து பரிமாறினால் அடுத்த வாரம் மேற்கிலிருந்து. எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பந்தி பிரிந்து உட்கார ஒரு நாளும் விடாதீர்கள். சமைக்கிறவர் யார் என்று கேட்டு முகம் சுளிக்கிறவர் நம் சபை ஆளாகவே இருந்தாலும் கரண்டியை வாங்கி வையுங்கள்.

6. சோற்றுக்கு விலை வைக்காதீர்கள்.

வசனம் ஒப்பித்தால் முட்டை என்பது ஊழியம் ஆகாது. பசித்த பிள்ளை முன்னால் நீண்ட ஜெபமும் வேண்டாம்; இரண்டு வரியில் நன்றி சொல்லித் தொடங்குங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு வேறு நேரம் உண்டு. வர விரும்பும் பிள்ளை பெற்றோரைக் கேட்டுவிட்டு வரட்டும். நம் தட்டில் சாப்பிடும் பிள்ளைகளில் மாரியம்மன் கொடைக்குப் போகிறவர்களும் தர்காவுக்குப் போகிறவர்களும் உண்டு. பெற்றவர்களை நேரில் பார்த்து, சாப்பாடு மட்டும்தான் என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

7. கொடுக்கிறவருக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் செலவை ஏற்க நல்லவர்கள் வருவார்கள். கூடவே கேக் வெட்ட வேண்டும், பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாட வேண்டும், தட்டோடு போட்டோ வேண்டும் என்பார்கள். பிறந்தநாள் பிள்ளையைத் தரையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள், அது போதும். சாப்பிடும் முகங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட விடாதீர்கள். பத்தாம் வகுப்பில் அந்தப் படத்தை வைத்து அந்தப் பிள்ளையைக் கேலி செய்ய ஆள் இருக்கும். கொடுத்தவருக்கு ரசீதும் வரவு செலவும் அனுப்புங்கள். காணிக்கைப் பணத்துக்குத் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து.

8. சாப்பிடும் பிள்ளையைக் கவனியுங்கள்.

சோற்றையெல்லாம் சாப்பிட்டு முட்டையை மட்டும் தொடாமல் வைத்திருப்பாள் ஒருத்தி. நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் அது பாவாடை மடிப்புக்குள் போகும். வீட்டில் நடக்கத் தெரியாத தம்பி இருப்பான். அதட்டாதீர்கள், அடுத்த வாரம் ஒரு தூக்குவாளி கொண்டுவரச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் தேறாத பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி இருக்கலாம்; பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரை விழுங்கினதா என்று கேளுங்கள். திடீரென்று பேச்சு நின்றுபோன பிள்ளை, உடம்பில் காயத்தோடு வரும் பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். சபைக்குக் கெட்ட பேர் வரும் என்று எந்தப் பெரியவர் தடுத்தாலும் கேட்காதீர்கள். நம்மில் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம்; எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர்.

9. எண்ணிக்கையை வைத்துப் பெருமை பேசாதீர்கள்.

ஆண்டறிக்கையில் போன வருஷம் 50, இந்த வருஷம் 80 என்று வாசித்தால் சபை கைதட்டும். உப்பு நன்றாக விளைந்து, கூலி கைக்கு வந்து, 80 பேர் 30 பேராகக் குறைந்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். நிற்கிற பிள்ளை ஏன் நின்றது என்று வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். நோயோ வேறு கஷ்டமோ என்றால் உதவி செய்யுங்கள். வீட்டிலேயே உலை கொதிக்கிறது என்றால், அந்த இடத்தை நிரப்ப வேறு தெருவில் ஆள் பிடிக்கப் போகாதீர்கள். பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டு, அரிசியை அந்த அளவுக்குக் குறைத்து ஏற்றுங்கள்.