கூடுதலாக வரி கட்ட ஆள் இருக்கா?

வருஷா வருஷம் அப்பாவுக்கு ஈ-ஃபைலிங் செய்து கொடுப்பது என் வேலை. இந்த முறை நன்கொடைப் பகுதியில் ஒரு வரி கண்ணில் பட்டது. அரசாங்கத்துக்கோ மாநில அரசுக்கோ ஊராட்சி மன்றத்துக்கோ பணம் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் முழுவதையும் கழித்துக்கொள்ளலாமாம். அங்கீகாரம் பெற்ற மற்ற அமைப்புகளுக்கு என்றால் வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான்.

"ஏம்ப்பா, வரியும் கட்டிட்டு மேல நன்கொடையும் யாராச்சும் கொடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன், நீ கொடுப்பியா?" என்றார் அப்பா. பதில் சொல்ல வரவில்லை. அன்றிரவே இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதற்கு வரிப் பாரத்திலேயே இடம் இருக்கிறது. வருமான வரியை 5 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்று 2000-இல் மக்கள் வாக்களித்தார்கள். படிப்படியாகக் குறைந்து 2020-இல்தான் 5-க்கு வந்தது. "எனக்குக் குறைக்க வேண்டாம்" என்பவர்கள் 5.85 விழுக்காட்டைத் தேர்ந்தெடுக்கலாம். வரிக்குரிய வருமானம் 60,000 டாலர் என்றால் 3,000-க்குப் பதில் 3,510. வித்தியாசம் 510 டாலர். லட்சக்கணக்கானோர் பாரம் நிரப்பும் மாநிலத்தில் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிக மிகச் சொற்பம்.

ஆர்கன்சாவில் 2001-இல் ஆளுநர் மைக் ஹக்கபி, வரியை உயர்த்தச் சொன்னவர்களை மடக்கவே ஒரு நிதி தொடங்கினார். பெயரே 'டேக்ஸ் மீ மோர்', அதாவது என்னிடம் இன்னும் வரி வாங்கு! அதிலும் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. ஆனால் கொலராடோ 1977-இல் வனவிலங்குகளைக் காக்க வரிப் பாரத்தில் ஒரு கட்டம் வைத்தபோது மக்கள் கொடுத்தார்கள். மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பருந்துக்கு என்றால் மனசு இளகுகிறது. பொதுக் கணக்கு என்றால் கை பின்னால் போய்விடுகிறது.

அப்போ கூடுதல் வரி கேட்பவர்கள் எல்லாம் போலியா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், எங்கள் வாடகை வீட்டு விஷயம் ஞாபகம் வரும் வரை.

ஐந்து பேர் தங்கியிருக்கிறோம். லெட்ரிக் பில்லுக்கு ஆரம்பத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்து, முடிந்ததைப் போடலாம் என்று விட்டோம். முதல் மாதம் எல்லாரும் போட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு பேர் போடவில்லை. மூன்றாவது மாதம் நானும் போடவில்லை. கையில் காசு இருந்தது. "அவன் ஏர்கோனுக்கு நான் ஏன் கட்டணும்?" என்ற எண்ணம்தான். கடைசியில் நாலு நாள் இருட்டில் அசைன்மென்ட் எழுதினோம். பிறகு தலைக்கு 30 வெள்ளி என்று பேசி முடிவெடுத்தோம். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

அதே மாசசூசெட்ஸில் 2022-இல், வருமானத்தில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்குக் கூடுதலாக 4 விழுக்காடு வரி என்று வாக்கெடுப்பு நடந்தது. கல்விக்கும் போக்குவரத்துக்கும் அந்தப் பணம். பெரும்பான்மையோர் சரி என்றார்கள். அடுத்தவர் பாக்கெட் என்றால் கை தூக்குவது சுலபம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கை தூக்கிய ஐந்து பேரும் கட்டுகிறோம்.

இப்போது வசூல் என் பொறுப்பு. மாதம் 5-ஆம் தேதி டின்னைத் திறந்து, முதலில் என் 30 வெள்ளியைப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் அறைக் கதவைத் தட்டுகிறேன்.