கூடத்துக் கணினி: உறுப்புகளைத் தெரியும் முறை

இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில், தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் மின்பிறப்பாக்கியையும் ஒருங்கே வாடகைக்கு அமர்த்தி, முற்றத்திற் பாய் விரித்து, விடியும்வரை ஊர் கூடிப் படம் பார்த்த வழக்கத்தை யாழ்ப்பாணத்து மூத்தோர் அறிவர். மின்சாரமற்ற 1990களில் துவிச்சக்கர வண்டியின் ‘டைனமோ’வைச் சுழற்றி வானொலி கேட்டதையும் அவர் மறந்திரார். இன்று படம், பாட்டு, விளையாட்டு ஆகிய மூன்றிற்கும் ஒரு கணினியே போதியது. அதனைத் தம் வீட்டுக் கூடத்திலே தொலைக்காட்சியோடு இணைத்து வைக்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்தார் உறுப்புகளை எங்ஙனம் தெரிதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பயனை வரையறுத்தல்

கடைக்குச் செல்லுமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காண்க. தொலைக்காட்சியின் திரை எத்தகையது? விளையாட்டு எத்தகையது? சாதாரண உயர்தெளிவுத் திரையில் 1920 × 1080 புள்ளிகள் உள. 4கே திரையில் 3840 × 2160 புள்ளிகள் உள. பின்னது முன்னதின் நான்கு மடங்கு. படம் காட்டுவதற்கு இவ்வேறுபாடு பெரிதன்று; அதற்கெனத் தனிச் சுற்று உண்டு. விளையாட்டிலோ ஒவ்வொரு புள்ளியையும் கணந்தோறும் புதிதாய்க் கணித்து வரைதல் வேண்டும். ஆதலின் 4கே திரை உடையோரும் விளையாட்டை 1080 அளவில் ஆடுவதென முடிவு செய்வாராயின் செலவு பெரிதுங் குறையும்.

முறைவழியாக்கி

சிறு முதல் உடையார்க்கு, வரைபுத்திறன் உள்ளடங்கிய முறைவழியாக்கியே ஏற்றது. ஏ.எம்.டி. நிறுவனம் 2021 இல் விற்பனைக்கு விட்ட றைசன் 5 5600ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு கருக்கள், 65 உவாற்று. பழைய விளையாட்டுகளையும், இளைஞர் குழுவாய் ஆடும் இலகுவான விளையாட்டுகளையும் 1080 அளவில் இது நடத்தும். புதிய பெரும் விளையாட்டுகளுக்குத் தெளிவைக் குறைத்தே ஆடல் வேண்டும்.

இதற்கு ஒரு குறையும் உண்டு. 2018 இல் வெளிவந்த ‘ஏவி1’ என்னும் காணொளிக் குறிமுறையை இன்று யூரியூப் முதலியன பெரிதும் கையாளுகின்றன. அதனை விரிக்கும் தனிச்சுற்று 5600ஜியில் இல்லை; கருக்களே அவ்வேலையைச் செய்தலால் மின்னும் வெப்பமும் மிகும். 2024 இல் வந்த றைசன் 5 8600ஜியில் அச்சுற்று உண்டு; அதன் வரைபுத்திறனும் மேலானது. ஆயின் அதற்கு ஏ.எம்.5 வகைத் தாய்ப்பலகையும் டி.டி.ஆர்.5 நினைவகமும் வேண்டும். படமே முதன்மை, விளையாட்டு அருமை எனின், இன்ரெல் கோர் ஐ3-12100 போன்றதொன்று போதும். அதிலும் அச்சுற்று உண்டு.

நினைவகம்

இங்கேதான் பலர் தவறுகின்றனர். 16 கிகாபைற்று நினைவகத்தை ஒரே துண்டாக வாங்கற்க. 8 கிகாபைற்றுத் துண்டுகள் இரண்டாக வாங்குக. உள்ளடங்கிய வரைபுப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை; அது பொது நினைவகத்திலேயே உண்டு வாழ்வது. டி.டி.ஆர்.4-3200 துண்டொன்று நொடிக்கு 25.6 கிகாபைற்று வழங்கும். இரண்டு வழிகளில் இரு துண்டுகள் பொருந்தின் 51.2 வழங்கும். ஒரே கிணற்றில் ஒரு துலாவால் இறைப்பதற்கும் இரு துலாவால் இறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. விளையாட்டின் ஓட்டத்தில் இதனைக் கண்ணாற் காணலாம்.

தாய்ப்பலகை

பலகையின் பின்புறத்து எச்.டி.எம்.ஐ. வாயிலின் பதிப்பு எண்ணைக் கேட்டறிக. அது 1.4 எனின் 4கே திரையில் நொடிக்கு 30 படங்களே செல்லும். சுட்டியை அசைத்தாலும் தயங்கும். 2.0 எனின் 60 செல்லும். முறைவழியாக்கி வல்லதாயினும் வாயில் பழையதாயிற் பயனில்லை. பின்னாளில் வரைபு அட்டை சேர்க்கும் எண்ணம் உடையோர் அதற்குரிய நீண்ட செருகிடம் உண்டா எனவும் நோக்குக.

வலுவழங்கி

எமது அனுபவம் ஒன்றைச் சொல்லாது இப்பகுதியைக் கடத்தல் இயலாது. யாம் முதலில் அமைத்த கணினியில் முறைவழியாக்கிக்குப் பணத்தைக் கொட்டி, பெட்டியோடு வந்த பெயரறியா வலுவழங்கியையே பொருத்தினோம். மாரிக்கால மாலையொன்றில் மின்சாரம் நின்று மீண்டபொழுது ஒரு சிறு வெடியோசை கேட்டது. கருகிய மணம் எழுந்தது. தாய்ப்பலகையோடு வன்தட்டும் பழுதாயிற்று. பலகையை மீள வாங்கினோம். தட்டிலே எம் தந்தையார் தேவாரம் பாடிய ஒலிப்பதிவு இருந்தது. அதற்கு வேறு படி இல்லை. பாடியவரும் அன்று இல்லை.

ஆதலின் வலுவழங்கியிற் சிக்கனம் வேண்டா. மேற்கூறிய 65 உவாற்று அமைப்புக்கு 450 உவாற்றுத் தரமானதொன்று தாராளமாய்ப் போதும். பின்னர் 132 உவாற்று வேண்டும் ரேடியன் ஆர்.எக்ஸ். 6600 போன்ற அட்டையைச் சேர்ப்பினும் அது தாங்கும். ஆனால் ‘80 பிளஸ்’ என்னும் தரச்சான்று உளதா என நோக்குக. அட்டையில் அச்சிட்ட பேரெண்களை மட்டும் நம்பற்க. 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தமையை யாவரும் அறிவர். அத்தகைய காலம் மீளாவிடினும் மழையும் இடியும் மீளும். எனவே யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும். அதன்மேல் வி.ஏ. என எழுதிய எண்ணைவிட உவாற்றளவு குறைவானது. பின்னதையே கணக்கிற் கொள்க. விளையாட்டைத் தொடர்தற்கன்று, கணினியை ஒழுங்காய் நிறுத்துதற்கே அது உதவுவது. சுவர்ச் செருகியின் புவித்தொடுப்பு சரியா என மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பித்தலும் நன்று.

சேமிப்பும் பெட்டியும்

இயங்குதளத்துக்கும் விளையாட்டுகளுக்கும் 500 கிகாபைற்றுத் திண்மநிலைத் தட்டு ஒன்று கொள்க. படங்களுக்கும் பாட்டுகளுக்கும் மலிவான சுழலும் வன்தட்டு போதும். ஆனால் பழைய நாடாக்களிலிருந்து மாற்றிய திருமணப் படங்கள், பெரியோர் குரல்கள் ஆகியவற்றுக்கு இரண்டாம் படியொன்று வேறொரு வீட்டிலே இருத்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது, வேறு படியில்லாத சுவடிகளே என்றென்றைக்கும் மறைந்தன.

பெட்டியைப் பொறுத்தவரை, 24.4 சதமமீற்றர்ச் சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகைக்குரியது ஏற்றது. 17 சதமமீற்றர் அளவினதான மினி ஐ.டி.எக்ஸ். அழகியதாயினும் விலை மிக்கது. வெப்பமும் எளிதில் வெளியேறாது. சித்திரை வைகாசி வெயிலும், புழுதியும், உப்புக் காற்றும் எம் குடாநாட்டுக்கு உரியன. ஆகவே 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டும் தூசுவடியும் உள்ள பெட்டியைத் தெரிக. பெரிய விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும். படம் பார்ப்போர் செவிக்கும் இடையூறில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டற்க. மூன்று திங்களுக்கு ஒருமுறை தூசு துடைக்க.

பங்கீடு

கையிலுள்ளது நூறு பங்கெனின் எமது கணக்கு இது: முறைவழியாக்கிக்கு 30, தாய்ப்பலகைக்கு 18, நினைவகத்துக்கு 17, திண்மநிலைத் தட்டுக்கு 13, வலுவழங்கிக்கு 12, பெட்டிக்கு 10. வன்தட்டும் யு.பி.எஸ்.ஸும் இதற்குப் புறம்பு. விலைகள் மாறுவன, 2025 இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. அவ்வாறு ஏறும்பொழுது முறைவழியாக்கியில் ஒருபடி இறங்குக, வலுவழங்கியில் இறங்கற்க. வேகம் குறைந்த உறுப்பைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். தட்டோடு அழிந்த குரலை மீட்டல் அரிது.