வேலிக்குள் நின்ற காடு

நுழையும்முன்

நிலத்திற்கு நினைவு உண்டு. அதில் வாழ்ந்தோர், அதற்கு வேலியிட்டோர், வேலிக்கு வெளியே நின்றோர் ஆகிய அனைவரின் வரலாறும் அதில் பதிந்திருக்கும். ஆங்கிலேய ஆளுநர்களின் ஓய்வுக்காகவும் குதிரையேற்றத்திற்காகவும் வேட்டைக்காகவும் காக்கப்பட்ட கிண்டி நிலம், பெருநகரின் நடுவே ஒரு காட்டைக் காலம் கடந்து நிறுத்தி வைத்திருக்கிறது. அந்நிலம் கைமாறிய கதையையும், அக்கதை இன்றைய தலைமுறைமுன் வைக்கும் வினாவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பொன்னேரியிலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் சென்னைக்குச் சென்று, தாம்பரம் வழித்தடத்திற்கு மாறிப் பயணம் செய்பவர் கிண்டி நிலையத்தில் இறங்கலாம். ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் ஓயாத போக்குவரத்து நிறைந்த சாலை. அச்சாலைக்கு அப்பால் மரங்கள் அடர்ந்த பரப்பொன்று தென்படும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, நகரின் நெரிசலுக்கிடையே அவ்வளவு பசுமை எஞ்சியிருப்பது வியப்பளிக்கும். அதற்கான விடை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றில் உள்ளது.

கோட்டைக்கு வெளியே

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பினர். வணிகமும் படையும் பெருகப் பெருகக் கோட்டைக்குள் இடநெருக்கடி மிகுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் போர் அச்சம் குறையத் தொடங்கியதும் கம்பெனி அலுவலரும் வணிகரும் கோட்டைக்கு வெளியே குடியேறினர். இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டின் இருமருங்கிலும், எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு ஆகிய பகுதிகளிலும் பரந்த நிலங்களை வாங்கி, அவற்றின் நடுவே வீடு கட்டினர். இவை 'தோட்ட வீடுகள்' என்று அழைக்கப்பட்டன.

தோட்ட வீடு என்பது தனிக் கட்டடத்தை மட்டும் குறிக்கும் பெயரன்று. வீடு, நிழல்மரங்கள், பழமரங்கள், காய்கறிப் பாத்தி, கிணறு, மாட்டுக்கொட்டில், குதிரை லாயம், பணியாளர் குடியிருப்பு ஆகிய அனைத்தும் ஒரே சுற்றுக்குள் அமைந்த சிற்றூர் அது. நாள்தோறும் கோட்டையிலுள்ள அலுவலகத்திற்குச் சென்று திரும்புவதற்குக் குதிரையும் குதிரைவண்டியும் இன்றியமையாதனவாக இருந்தன. வீடு நகரைவிட்டு விலக விலக, லாயமும் பெரிதாயிற்று.

அத்தகைய வீடுகளுள் சில வேறு பயன்களை ஏற்று இன்றும் நிலைத்துள்ளன. 1790-களில் அடையாற்றங்கரையில் எழுந்த பிராடி மாளிகை பிற்காலத்தில் இசைக்கல்லூரியாயிற்று. அடையாற்றின் தென்கரையில் இருந்த ஹட்டில்ஸ்டன் தோட்டத்தைப் பிரம்மஞான சபை 1882-இல் வாங்கியது. டவ்டன் மாளிகை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் உள்ளது. இவை எல்லாவற்றினும் பரப்பிலும் பெருமையிலும் சிறந்தது கிண்டி மாளிகை.

ஆளுநரின் நாட்டுப்புற மாளிகை

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டையின் ஆளுநராக விளங்கிய சர் வில்லியம் லாங்கார்ன், பரங்கிமலைக்கு அருகில் தோட்டத்துடன் கூடிய ஓய்வு இல்லம் ஒன்றை அமைத்தார். கிண்டி மாளிகையின் தொடக்கம் அதுவே என்பர் வரலாற்றாசிரியர். பின்னர் அச்சொத்து பலரிடம் கைமாறி, 1821-இல் அரசின் உடைமையாயிற்று. அப்போது ஆளுநராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ.

உழவரிடமிருந்து அரசே நேரடியாக நிலவரி பெறும் இரயத்துவாரி முறையைச் சென்னை மாகாணத்தில் நிலைபெறச் செய்தவர் மன்றோ. யாருடைய பெயரில் எந்த நிலம் உள்ளது, அதற்கு எவ்வளவு வரி என்பன அம்முறையில் பதிவேட்டில் எழுதப்பட்டன. பொன்னேரி உள்ளிட்ட செங்கற்பட்டு மாவட்ட உழவர் ஒவ்வொருவரின் காணியையும் அளந்து வரி விதித்த அரசு, தன் ஆளுநரின் ஓய்வுக்கென ஒரு பெருங்காட்டையே ஒதுக்கிக்கொண்டது. நிலத்தைப் பற்றிய அக்காலப் பார்வையின் இரு முகங்களும் இதில் ஒருங்கே புலப்படுகின்றன.

ஆளுநர் எல்பின்ஸ்டன் காலத்தில் (1837–1842) மாளிகை விரிவாக்கப்பட்டது. நகரின் நடுவே அரசினர் தோட்டத்திலிருந்த மாளிகை அலுவலுக்குரியதாகவும், கிண்டி மாளிகை ஓய்வுக்குரியதாகவும் பயன்பட்டன. நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கிண்டி மாளிகை ஆளுநரின் நிலையான உறைவிடமாயிற்று.

வெண்ணிறம் பூண்ட அக்கட்டடமும் சென்னையின் பிற தோட்ட வீடுகளும் இந்நிலத்தின் வெயிலுக்கு ஏற்பக் கட்டப்பட்டவை. தடித்த சுவர்கள் வெப்பத்தைத் தடுத்தன. உயர்ந்த கூரை வெங்காற்றை மேலேற்றியது. தூண்கள் தாங்கிய அகன்ற தாழ்வாரம் வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை உள்ளே விட்டது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த தளம் 'மெட்ராஸ் டெரஸ்' எனப் பெயர் பெற்றது. கிளிஞ்சலைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பு, சலவைக்கல்லோ என ஐயுறும்படி சுவர்களைப் பளபளக்கச் செய்தது. வடிவம் ஐரோப்பாவினுடையது; அதனை வாழத்தக்கதாக்கியதோ தமிழகக் கொத்தனாரின் கைத்திறன்.

லாயமும் ஓடுதளமும்

குதிரை தமிழ்நிலத்திற்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலும் இந்நிலை மாறவில்லை. அரபுக் குதிரைகளும், பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்தமையால் 'வேலர்' எனப் பெயர்பெற்ற குதிரைகளும் கப்பலில் சென்னைக்கு வந்தன.

குதிரை கடல்கடந்து வந்தாலும் அதனைப் பேணியோர் இம்மண்ணின் மக்களே. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொள்ளு வைத்து, வண்டியின் முன்னும் பின்னும் ஓடிய குதிரைக்காரர் ஒருவர். நாள்தோறும் புல் அறுத்துச் சுமந்து வந்தவர் மற்றொருவர். லாடம் அடிப்போரும் சேணம் தைப்போரும் தனித்தனியே இருந்தனர். குதிரைமீது அமர்ந்தவரின் பெயர் கல்வெட்டில் இடம்பெற்றது; குதிரையைக் காத்தவரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை.

1777-இல் கிண்டியில் குதிரைப் பந்தயத்திற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய பந்தயத் திடல்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்த காட்டினுள் போலோ ஆட்டத்திற்கென மரங்களற்ற புல்வெளி ஒன்றும் உருவாக்கப்பட்டது. மாளிகை, தோட்டம், வேட்டைக்காடு, போலோ திடல், அருகே பந்தயத் திடல் என ஆங்கில நாட்டுப்புறச் செல்வரின் வாழ்வு முழுமையாகக் கிண்டியில் பெயர்த்து நடப்பட்டது எனலாம்.

> தெரிந்து தெளிவோம்
>
> குதிரையைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள்: பரி, புரவி, மா, இவுளி.
>
> குதிரை பயிற்றும் வெளி 'செண்டுவெளி' எனவும் 'வையாளி வீதி' எனவும் வழங்கப்பட்டது. குதிரையைச் செலுத்தி உலா வருதல் 'வையாளி'. திருவரங்கத்தில் பெருமாள் குதிரை ஊர்தியில் எழுந்தருளும் விழாவில் இச்சொல் இன்றும் வழங்குகிறது.
>
> சென்னைத் தீவுத்திடல் அருகே 1839-இல் நிறுவப்பட்ட மன்றோவின் குதிரைச் சிலையில் கால் வைக்கும் அங்கவடி இல்லை. சிற்பி சான்ட்ரீ.

வேலி காத்த காடு

சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய இயற்கைக் காடு, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடாகும். குறைந்த மழையிலும் ஆண்டு முழுதும் இலை உதிராமல் நிற்கும் குட்டையான மரங்களும் முட்புதர்களும் கொடிகளும் அதில் நிறைந்திருக்கும். காசா, களா, நாவல் போன்றவை அதில் வளர்வன. நகர் பெருகியபோது விறகுக்கும் செங்கற்சூளைக்கும் வீட்டுமனைக்கும் அக்காடு இரையாயிற்று.

கிண்டியில் மட்டும் கோடரி நுழையவில்லை. வேட்டைக்கு விலங்கு வேண்டும். விலங்கிற்குக் காடு வேண்டும். ஆகவே பிறர் நுழையலாகாது என வேலி இடப்பட்டது. காட்டைக் காத்தல் அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஆயினும் விளைவு காடு பிழைத்ததே. அவ்வேலியினால் விறகும் மேய்ச்சலும் இழந்த சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களின் இழப்பையும் இவ்விடத்து மறத்தலாகாது.

மனிதன் தனக்காக அமைத்ததைப் பிற உயிர்கள் தமக்குரியதாக்கிக் கொண்டதற்குப் போலோ திடலே சான்று. வெளிமான் திறந்த புல்வெளியில் வாழும் இயல்புடையது. அடர்காட்டில் அது தழைக்காது. குதிரைகள் ஓடிய திடலில் குளம்போசை ஓய்ந்தபின் வெளிமான் கூட்டங்கள் மேய்ந்தன.

பங்கிடப்பட்ட நிலம்

விடுதலைக்குப் பின், ஆளுநருக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்னும் வினா எழுந்தது இயல்பே. காந்தி மண்டபம் 1956-இல் எழுந்தது. 1958-இல் காட்டின் ஒரு பகுதி வனத்துறையிடம் வழங்கப்பட்டது. 1959-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் காட்டின் ஒரு பகுதியைப் பெற்றுத் தொடங்கப்பட்டது. ராஜாஜி, காமராசர் நினைவிடங்களும் குழந்தைகள் பூங்காவும் அமைந்தன. 1972-இல் பாம்புப் பண்ணை அங்கு இடம்பெற்றது. ஒவ்வொன்றும் மக்களுக்குப் பயன் தருவதே. ஆயினும், ஒவ்வொரு நற்செயலுக்கும் காட்டின் ஒரு துண்டு விலையாயிற்று. இன்றைய பூங்காவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்த காடு சுருங்கியது.

எஞ்சிய 270 ஹெக்டேர் பரப்பு 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் மிகச்சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்றாகிய இதில் புள்ளிமான், வெளிமான், நரி, நட்சத்திர ஆமை ஆகியனவும், 130-க்கும் மேற்பட்ட பறவை வகைகளும் வாழ்கின்றன. ஆளுநரின் ஆணை காத்ததை இப்போது சட்டம் காக்கிறது.

பந்தயத் திடலின் கதை வேறு. குதிரைப் பந்தயத்தைத் தமிழக அரசு 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்க முனைந்தது. குதிரைப் பந்தயம் வாய்ப்பை மட்டும் நம்பிய சூதாட்டமன்று, திறன்சார்ந்த ஆட்டம் என 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்பு 2024-இல், ஏறத்தாழ 160 ஏக்கர் பரப்புடைய அத்திடலின் குத்தகையை அரசு விலக்கிக்கொண்டு, மழைநீர் தேக்கும் குளங்களும் பசுமைப் பூங்காவும் அமைக்கத் திட்டமிட்டது. அதனை எதிர்த்து வழக்குகளும் எழுந்தன. குதிரைகள் ஓடிய வெளி, வெள்ளத்தில் தவிக்கும் நகரின் நீரைத் தாங்கும் வெளியாகக் கூடும் என்னும் எண்ணமே காலமாற்றத்தைக் காட்டுகிறது.

மூவகை வேலி

கிண்டிக் காட்டின் உடன்பிறப்பைக் காணப் பொன்னேரி மக்கள் தொலைவு செல்லவேண்டியதில்லை. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் அதே வகைக் காடு நிற்கிறது. விண்வெளி ஆய்வு மையத்தின் பாதுகாப்பு வேலி அதனைக் காக்கிறது. சிற்றூர்கள் பலவற்றில் கோயில்காடுகள் நிற்கின்றன. அவற்றைக் காப்பது தெய்வ அச்சம். அதிகாரமும் பாதுகாப்பும் நம்பிக்கையும் ஆகிய மூவகை வேலிகளுக்குள் இக்கடற்கரையின் பழங்காடு துண்டுதுண்டாக எஞ்சியிருக்கிறது.

வேலியற்ற வெளிகளின் நிலை என்ன? ஆரணியாற்றுப் படுகையும், ஏரிகளும், பழவேற்காட்டு உப்பங்கழியும் யாருடைய தோட்டமும் அல்ல. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. தெற்கே எண்ணூரின் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும். வேலைவாய்ப்பும் வேண்டும், நீர்நிலையும் வேண்டும் என்னும் இருதலைச் சிக்கல் இப்பகுதி இளைஞரின் அன்றாட வாழ்வில் உள்ளது. பழவேற்காட்டின் தமிழகப் பகுதி பறவைகள் புகலிடமாக 1980-இல் அறிவிக்கப்பட்டமை ஒரு காப்பு. அதனினும் பழமையான காப்பொன்றை அங்குள்ள மீனவர் தாமே வகுத்துள்ளனர். மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையே அது. ஏரி எவர் ஒருவருக்கும் உரியதன்று. ஆதலால் அனைவரும் வரம்பிற்கு உட்பட்டோர் என்பது அதன் உட்பொருள்.

ஆளுநரின் வேலி பிறரை விலக்கிக் காட்டைக் காத்தது. மீனவரின் பாடு அனைவரையும் சேர்த்து ஏரியைக் காக்கிறது. இனிவரும் காலத்தின் பொதுவெளிகளைக் காக்க ஆளுநர் எவரும் வேலியிடப்போவதில்லை. நிலத்தின் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த, தம் ஊர் ஏரியின் எல்லையை அறிந்த குடிமக்களே அவற்றின் வேலியாக நிற்கவேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி, மேய்ச்சல் நிலம், கோயில்காடு ஆகியவற்றுள் ஒன்றின் பரப்பும் பயனும் எவ்வாறு மாறின என்பதை முதியோரிடம் கேட்டு எழுதுக.

2. 'தொழில் வளர்ச்சியும் இயற்கைப் பாதுகாப்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. குதிரையோடு தொடர்புடைய லாயம், சேணம், கடிவாளம், அங்கவடி, லாடம் ஆகிய சொற்களைத் தொடர்களில் அமைத்து எழுதுக.