குழாயும் கிணறும்: மன்னார்த் தீவின் குடிநீர் பற்றிய ஓர் ஆராய்வு

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீரின் அருமையை இதனினும் சுருங்க உணர்த்தல் அரிது. அவரே தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தைத் தொடங்குமிடத்து, ஒரு வினையை மேற்கொள்வோன் மூன்று கணக்குப் பார்க்கவேண்டும் என்கின்றார். இழப்பது எது, பெறுவது எது, பெற்றது நாளடைவில் விளைக்கும் பயன் எது என்பன அவை. வகுப்பிலே பொருள் கூறிவிட்டு மறந்துவிடத்தக்க செய்தியன்று இது. நிலம் அதிர்ந்தாலும் முறியாத நீர்க்குழாய் நம் மன்னாருக்கு வேண்டுமா என்னும் வினாவிலே இதனைப் பொருத்திப் பார்ப்போம்.

தீவின் நீர்

மன்னார்த் தீவு மணற்பாங்கானது. மாரியிலே பெய்யும் மழை மணலுட் புகுந்து, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடன்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரம் நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிற்றல் கூடும் என்பது நிலநீர் நூலார் கண்ட விதி. இவ்விதியின் மறுபுறமே அச்சந் தருவது. மேலே ஒரு முழம் குறைந்தால், கீழே நாற்பது முழம் உவர் ஏற இடமுண்டு.

ஆதலால் வளரும் நகரத்தின் தேவையைத் தீவுக் கிணறுகள் தனியே தாங்கமாட்டா. பெருநிலத்திலே, முருங்கன் பகுதியின் சுண்ணாம்புக்கற் படுகையில் தங்கியுள்ள நிலநீரை இறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம் குழாய்வழி கொணர்ந்து நகருக்கு வழங்குகின்றனர். தள்ளாடிக்கும் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதி உள்ளது. இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த அவ்விடமே இவ்வழியின் மெலிந்த பகுதியாகும்.

பெறுவது

இலங்கை புவியோட்டுத் தகடொன்றின் நடுப்பகுதியில் இருத்தலின், இங்கே பெரும் நிலநடுக்கம் அரிது. எனினும் அறவே இல்லை என்றல் பொருந்தாது. 1615ஆம் ஆண்டிலே கொழும்பு நகரம் நிலநடுக்கத்தாற் சேதமுற்றதை வரலாறு கூறுகின்றது.

1995ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரப் பகுதியில் நிலம் அதிர்ந்தபொழுது, ஏறத்தாழ 13 இலட்சம் வீடுகளுக்குக் குழாய்நீர் நின்றது. குழாய்கள் பெரும்பாலும் மூட்டுக்களிலேதான் கழன்றன. அந்நாட்டார் அதற்கு முன்னரே வகுத்திருந்த ஒருவகை இரும்புக் குழாய்கள் தப்பின. அவற்றின் மூட்டு ஓரளவு நீளவும் சுருங்கவும் வளையவும் வல்லது. எல்லை கடந்து இழுக்கப்படின் பூட்டுப்போலப் பிடித்துக்கொள்வது. 2011ஆம் ஆண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரிலே, நீர் நிறைந்த மணல் அதிர்ச்சியாற் குழம்பாகியது. அங்கே முனைகளை உருக்கி ஒட்டிய பொலியெத்திலீன் குழாய்கள் பெரும்பாலும் சேதமின்றி நின்றன. நம் தீவும் நீர் நிறைந்த மணலே என்பதை நினைவிற் கொள்க.

ஆயினும், மன்னாருக்கு நிலநடுக்கத்தினும் அணித்தான பகைகள் உள. 1964 திசம்பரிலே தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னாரையும் தாக்கிற்று. 1990இலே போரின்போது தாம்போதிப் பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இலேதான் திறக்கப்பட்டது. ஒரேயொரு வழியை நம்பி வாழ்வதன் துன்பத்தை இத்தீவார் நன்கறிவர். இவையேயன்றி, உவர் இரும்பைத் தின்கின்றது. மண் அமிழ்ந்து மூட்டை விலக்குகின்றது. அதிர்ச்சிக்கென வகுத்த நெகிழ்வான மூட்டு, மண் அமிழ்தலையும் அலை அரிப்பையும் தாங்கும். பொலியெத்திலீன் உவரால் துருப்பிடிப்பதுமில்லை. எனவே, நிலநடுக்கம் ஒருநாளும் வாராதாயினும் செலவு வீண்போகாது.

இழப்பது

இனி மறுதட்டை நோக்குவோம். இரும்புத் தாதுவிலிருந்து ஒரு தொன் உருக்கு ஆக்கும்போது ஏறத்தாழ இரண்டு தொன் கரியமிலவாயு வானிற் கலக்கின்றது. பொலியெத்திலீனோ மண்ணெண்ணெய்க்கு உறவான எண்ணெய்ப் பொருள்களிலிருந்து பிறப்பது. அதன் துண்டுகள் கடலிற் சேர்ந்தால் மக்கிப்போவதில்லை. தாம்போதியை அடுத்த வங்காலைப் பகுதி 2008இலே சரணாலயமாக்கப்பட்டு, 2010இலே சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. பூநாரைகளும் வடதிசைப் பறவைகளும் அச்சேற்றிலேதான் இரை தேடுகின்றன. கண்டபடி அகழி வெட்டினால் உவர்நீரின் போக்குவரவு மாறும், சேறு மாறும், பறவையும் அகலும். தீவினுள்ளே அகழியை உலர்த்த நீரிறைத்தால், அயற்கிணறுகள் உவரேறும்.

இவற்றோடு, முருங்கனிலே நெல் விளைக்கும் உழவனையும் எண்ணவேண்டும். அவன் நிலத்தின் கீழுள்ள நீரையே நாம் கொணர்கின்றோம்.

வழிப்பயன்

மூன்றாவது கணக்கே தீர்ப்பைத் தருவது. முறியாத குழாய் கசியாத குழாயுமாகும். கசிவு குறையின், முருங்கனிலே இறைப்பதும் குறையும். உழவனும் நகரத்தாரும் ஒருங்கே பயனடைவர். ஆயின் உயர்ந்த குழாயை வழி முழுதும் இடவேண்டுவதில்லை. தாம்போதியிலும் தளர்ந்த மணலிலும் அதனை இடுக. உறுதியான நிலத்திலே சாதாரண குழாயைச் செவ்வையாகப் பொருத்துக. புதுத்தடம் வெட்டாது வீதியோரமாகவே செல்க. பறவைகள் வந்து தங்கும் மாரிக்காலத்தை விடுத்து, அவை சென்றபின் வேலை தொடங்குக. இவ்வாறு செய்யின் இழப்பிற் பெரும்பகுதி தவிர்க்கப்படும்.

எஞ்சிய இழப்பொன்று உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன். கிணறு பற்றிக் கட்டுரை எழுதுமாறு வகுப்பிற் பணித்தேன். அவன் எழுந்து, “ஐயா, குழாய் வந்தபிறகு எங்கள் கிணற்றுக்குள் குப்பை போட்டு மூடிவிட்டார்கள், நான் எதைப் பார்த்து எழுதுவது?” என்றான். அன்று எனக்கு மறுமொழி தோன்றவில்லை. குப்பையிட்ட கிணறு, அயலாரின் கிணற்றையும் கெடுக்கும், மணலினுள்ளே வேலியில்லை. குழாய் கிணற்றுக்கு ஓய்வு கொடுக்க வந்தது. அதனைக் கொல்ல வந்ததன்று. குழாய் எத்துணை வலிதாயினும் முருங்கனில் இயந்திரம் ஓயும் நாளொன்று வரலாம். அந்நாளிலே தீவாருக்குத் துணை மூடாத கிணறே.

பழைய மாணவர்காள்! உங்களுள் பொறியியலாளர் உளர். அரச அலுவலர் உளர். குழாய்வழிகள் திட்டமிடப்படும் அவைகளிலே இம்மூன்று கணக்கையும் கேளுங்கள். மாணவர்காள்! உங்கள் வீட்டுக் கிணற்றிலே மாதந்தோறும் கயிறு இறக்கி நீர்மட்டத்தை அளந்து, நீரின் சுவையையும் குறித்து வையுங்கள். ஈராண்டுக் குறிப்பு நம் கையில் இருக்குமாயின், எத்திட்டத்தையும் நிறுக்கத் தக்க துலாக்கோல் நம்மிடமே உண்டாகும்.