முதலில் பழைய படத்தைத் தேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இப்போது இருக்கிற நிலையில் சொன்னதில் பாதிதான் காதில் விழும், மீதியை உன் பயமே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் கடிதம். நிதானமாக இரண்டு தடவை படி.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாய், விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க சிடி எடுத்தார்கள். விலாவுக்கு ஒன்றும் இல்லை. போகிற போக்கில் வலது நுரையீரலின் மேல் மடலில் 7 மி.மீ. அளவில் ஒரு நாட்யூல், அதாவது ஒரு சின்ன உருண்டைப் பொட்டு, என்று எழுதிவிட்டார்கள். பட்டாணியைவிடச் சின்னது. அன்றிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லையாம், ராத்திரி இரண்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு புற்றுநோய் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறாயாம். உன் அம்மா ‘ஊசி குத்தினால் பரவிவிடும், எதையும் தொட வேண்டாம்’ என்கிறாள். மாப்பிள்ளை ‘நாளைக்கே பெட் ஸ்கேன்’ என்கிறார். இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வை.

நான் டாக்டர் இல்லை. இது இன்ன நோய் என்று சொல்வது என் வேலையாக ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் சர்வீஸ் முழுக்க அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலும் சிடி அறையிலும்தான் இருந்தேன். அந்தப் படம் எப்படி உருவாகிறது, அதில் ஒரு மில்லிமீட்டர் எப்படிக் கூடும், எப்படிக் குறையும் என்பது எனக்குத் தெரியும். உனக்கு இப்போது வேண்டியது அந்த அறிவுதான்.

முதலில் வந்த சிடி மெஷின்கள் நெஞ்சை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வெட்டு என்று எடுக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ‘மூச்சை இழு, பிடி, விடு’ என்று கத்த வேண்டும். ஒரு மூச்சு ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருந்தால் நுரையீரல் இடம் மாறிவிடும், நடுவில் இருக்கிற பொட்டு எந்த வெட்டிலும் விழாமல் நழுவிவிடும். இன்றைக்கு இருக்கிற மெஷின் ஒரே மூச்சில் நெஞ்சு முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் வெட்டுகளாக எடுத்துத் தருகிறது. உன்னுடையதைப் போன்ற பொட்டோடு எத்தனையோ பேர் அறுபது, எழுபது வயது வரை வாழ்ந்து வேறு எதிலோ போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவில் பல வருடம் கடுமையாக சிகரெட் பிடித்த 53,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2011-ல் வந்தது. பாதிப் பேருக்கு வெறும் எக்ஸ்ரே, பாதிப் பேருக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி. அந்த சிடிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் சந்தேகப்படும்படி ஏதோ ஒன்று தெரிந்தது. அப்படித் தெரிந்தவற்றில் நூற்றுக்கு 96 கடைசியில் புற்றுநோய் இல்லை. அவர்கள் 55 வயதைத் தாண்டிய புகைக்காரர்கள். நீ 44 வயதுக்காரி, பீடி சிகரெட் வாடையே ஆகாது. உன் அளவிலுள்ள கெட்டியான நாட்யூலில் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டைத் தாண்டாது என்பதுதான் பொதுவான கணக்கு. மேல் மடலில் இருப்பது அதைக் கொஞ்சம் கூட்டும், நீ புகைக்காதவள் என்பது குறைக்கும்.

அப்படியானால் அது என்னதான்? நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது டிபியின் பழைய தழும்பு. உலகத்தில் வருகிற டிபியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியாவில்தான். சின்ன வயதில் கிருமி உள்ளே போயிருக்கும், உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்திருக்கும், உனக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட வந்திருக்காது. இல்லையென்றால் வேறு ஏதாவது சளித் தொற்று விட்டுப்போன அடையாளம், நுரையீரலுக்குள்ளேயே இருக்கிற சின்ன நிணநீர் முடிச்சு, தீங்கில்லாத கட்டி. இதில் எது என்று இந்த ஒரு படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பொட்டு முழுக்கச் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தால் கவலை இல்லை என்று அப்போதே முடித்துவிடுவார்கள். ஓரத்திலிருந்து முள் முள்ளாகக் கிளம்பினால் கவலைப்படுவார்கள். உன்னுடையதில் சுண்ணாம்பும் இல்லை, முள்ளும் இல்லை, ஓரம் வழவழப்பு என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ என்று இருப்பதைப் பார்த்துத்தான் நீ மிரண்டாய் என்றார் மாப்பிள்ளை. அம்மா, அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆளை நேரில் பார்க்கிற டாக்டர் மற்றதையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நீ பார்த்த ஒரு டாக்டர் மூன்று மாதம் கழித்து மறுபடி எடு என்றார், இன்னொருவர் ஆறு மாதம் போகட்டும் என்றார், இவர்களுக்கே தெரியவில்லை என்று நீ பயந்துவிட்டாய். இரண்டு பேரும் சரிதான். நெஞ்சுப் படம் படிக்கிற வல்லுநர்களின் ஃபிளைஷ்னர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிமுறைப்படி, 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள ஒற்றைக் கெட்டி நாட்யூலுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு சிடி. 2015-ல் வந்த பிரிட்டிஷ் வழிமுறை இதே அளவுக்கு மூன்று மாதத்தில் பார்க்கச் சொல்கிறது. ஒருவர் இதைப் படித்திருக்கிறார், இன்னொருவர் அதை. ‘உடனே வெட்டி எடு’ என்று இரண்டிலும் இல்லை என்பதைக் கவனி.

இந்தக் காத்திருப்பைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை, தெரிகிறது. உள்ளே ஒன்று இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்களே என்று தோன்றும். ஆனால் இந்த விஷயத்தில் காலம்தான் பரிசோதனை. கெட்டியான புற்றுக்கட்டி சும்மா இருக்காது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், சில சமயம் இரண்டு மூன்று மாதத்திலேயே, அதன் கனஅளவு இரட்டிப்பாகும். கனஅளவு இரட்டிப்பாக விட்டம் கால் பங்கு கூடினால் போதும். அதாவது 7 மி.மீ. என்பது 9-ஐத் தொட வேண்டும். இரண்டு வருடம் அசையாமல் கிடந்த கெட்டி நாட்யூலை அதோடு விட்டுவிடுவார்கள். கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி மங்கலாகத் தெரிகிற வகை மட்டும் வேறு, அது மெதுவாக வளரும், ஐந்து வருடம் வரை பார்ப்பார்கள். உன்னுடையது அது இல்லை.

இதற்காகத்தான் ஒன்று சொல்கிறேன், கடிதத்தில் மற்றதை மறந்தாலும் இதைச் செய். 2021 மே மாதம் கொரோனா வந்தபோது உனக்கு நெஞ்சு சிடி எடுத்தார்களே, ஸ்கோர் 25-க்கு எட்டு என்று வீடே அலறியதே, அந்தப் படம் எங்கே? பீரோவில் பத்திரங்களுக்கு அடியில் அந்தப் பெரிய கவர் இருக்கும். உள்ளே ஒரு சிடி தட்டும் இருக்க வேண்டும், ஃபிலிமைவிட அதுதான் முக்கியம். ஃபிலிமில் தபால்தலை அளவுக்குச் சில படங்களைத்தான் அச்சடிப்பார்கள், எல்லா வெட்டுகளும் தட்டில்தான் இருக்கும். தட்டு கீறல் விழுந்திருந்தால் எடுத்த சென்டருக்குப் போய், கம்ப்யூட்டரில் இன்னும் வைத்திருக்கிறார்களா என்று கேள். அந்தப் படத்தில் இதே இடத்தில் இதே 7 மி.மீ. பொட்டு இருந்துவிட்டால் உன் காத்திருப்பு நேற்றே முடிந்துபோயிற்று, இத்தனை வருடத்தை நீ தெரியாமலே கடந்துவிட்டாய். அன்றைக்கு ரிப்போர்ட்டில் எழுதவில்லையே என்று கேட்பாய். அந்த மாதங்களில் வரிசையாகப் படம் வந்து விழுந்தது, எல்லோரும் கொரோனா நிழலை மட்டும்தான் தேடினார்கள். அன்றைக்கு அங்கே ஒன்றுமே இல்லாமலிருந்து இப்போது வந்திருந்தால் அதுவும் டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி, அதை வைத்து மறு சிடியை முன்னுக்குத் தள்ளுவார்.

மறு சிடி எடுப்பதாக இருந்தால் முடிந்தவரை அதே சென்டரில் எடு. குறைந்த டோஸ், மெல்லிய வெட்டு என்று டாக்டரைச் சீட்டில் எழுதச் சொல். கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்டிருந்தாய். இயற்கையாக நம் மேல் ஒரு வருடத்தில் விழுவதைவிடக் குறைவுதான். கான்ட்ராஸ்ட் ஊசி இதற்குத் தேவையில்லை. டேபிளில் படுத்தபின் மூச்சை முழுசாக இழுத்து அசையாமல் பிடி. அரை மூச்சில் எடுத்தால் பொட்டு கலங்கி அரை மில்லிமீட்டர் தடித்துத் தெரியும். அளக்கிறவர் கர்சரை எங்கே வைக்கிறார் என்பதிலேயே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். 7 என்பது 7.8 ஆகிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால் அன்றைக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதில்லை.

மாப்பிள்ளை சொல்கிற பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் இழுக்கிற இடத்தைக் காட்டுவது. எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே அதை நம்ப முடியாது. அதைவிட, டிபி புண்ணும் புற்றைப் போலவே சர்க்கரையை இழுத்து ஒளிரும். நம் ஊரில் அது எரிந்தாலும் குழப்பம், எரியாவிட்டாலும் குழப்பம். பல ஆயிரத்தைக் கொட்டி இன்னொரு ‘கோரிலேஷன்’ வரியை வாங்கி வருவதில் என்ன லாபம்? அக்கறையில்தான் சொல்கிறார், நீ எரிந்து விழாதே.

உன் அம்மா பயப்படுகிற ஊசிக்கும், அதாவது திசு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிக்கும், இப்போது வேலை இல்லை, ஆனால் அவள் சொல்கிற காரணத்துக்காக அல்ல. ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிட்டவர்களை நான் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். இப்போது வேண்டாம் என்பது ஏனென்றால், மூச்சோடு ஏறி இறங்குகிற 7 மி.மீ. இலக்கில் ஊசி முனையை நிறுத்துவது கஷ்டம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது நூற்றில் பதினைந்து பேருக்காவது நடக்கிறது. நாளைக்கு அது வளர்ந்து டாக்டர் பயாப்ஸி என்று சொன்னால் மறுபேச்சு பேசாமல் போய்ப் படு. ஒரு சென்டிமீட்டருக்குள் பிடிபட்ட நுரையீரல் புற்று அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தீருகிறது, பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்தைக் கடக்கிறார்கள். நீ இணையத்தில் படித்த பயங்கரக் கணக்கெல்லாம் முற்றிய பிறகு வந்தவர்களுடையது.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதே. ‘டிபியாக இருக்கும், ஆறு மாதம் மாத்திரை போட்டுப் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால், சளியிலோ திசுவிலோ என்ன ஆதாரம் என்று மரியாதையாகக் கேள். டிபி மாத்திரை விளையாட்டுச் சாமான் இல்லை, கல்லீரலைப் பதம் பார்க்கும். புற்றுநோயை டிபி என்று நினைத்து மாத்திரையிலேயே மாதங்களை விட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். இரண்டாவது கருத்து வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்துக்குப் போ. 1928-ல் டிபிக்காகத் தொடங்கிய இடம், இன்றைக்கு அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. செங்கல்பட்டில் ரயில் ஏறினால் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டு சிடி தட்டையும் கையோடு கொண்டு போ.

‘புகைக்காத எனக்கு ஏன்’ என்று கேட்டாயாம். இன்னும் ஒன்றும் வரவில்லை, அதற்குள் ஏன் என்கிறாயே! புகைக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்று வருகிறது, நம் நாட்டில் கணிசமாகவே வருகிறது, விறகடுப்புப் புகையும் ஊர்க் காற்றும் அதில் சேர்த்தி. பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகிறவர் புகையும்தான்.

அங்கேதான் நான் வர நினைத்தேன். உன் அப்பா நாற்பது வருடமாக ஊதுகிறான். போன பொங்கலுக்கு வந்தபோதே இருமிக்கொண்டிருந்தான், இன்னும் நிற்கவில்லை என்கிறாள் உன் அம்மா. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் 7 மி.மீ. இருமலைத் தராது, எடையைக் குறைக்காது. அவனுக்கு இரண்டும் இருக்கிறது, வீட்டில் ஒருவர்கூட அவனைப் பற்றித் தேடிப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அதோடு ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. மற்றதை டாக்டர் சொல்வார்.

நான் சொன்னால் சண்டைக்கு வருவான், நீ சொன்னால் கேட்பான். ‘எனக்குத் துணைக்கு வாப்பா, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது’ என்று கூட்டிக்கொண்டு போ. அங்கே போனதும் அவன் பேருக்கும் ஒரு சீட்டு போட்டுவிடு. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து வருகிற முதல் சளியைச் சின்ன டப்பாவில் எடுத்துவரச் சொல்லுவார்கள், எச்சிலைத் துப்பி ஏமாற்றாமல் பார்த்துக்கொள். எந்த நாள் என்று முந்தின நாளே சொல், நானும் சானடோரியம் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா